அரத்தை எடுக்குமுன் நட்டைப் பாருங்கள்

(செங்கோட்டையில் இரும்புக்கடையும் சாணைப் பட்டறையும் நடத்தும் அண்ணாச்சி வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை, வேலிச் செடி வெட்டும் கத்தரி பற்றி வந்தவை.)

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீட்டு முன்னால் செம்பருத்தியும் இட்லிப்பூவும் கலந்து வேலி வைத்திருக்கிறோம். வெட்டுவதற்கு இரண்டு கையாலும் பிடிக்கிற பெரிய கத்தரி வாங்கினோம். முதல் வருஷம் நன்றாக வெட்டியது. இப்போது இலை வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து மாட்டிக்கொள்கிறது. சைக்கிளில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். தீப்பொறி பறக்கத் தீட்டிக் கொடுத்தார். பளபளப்பு வந்தது, வெட்டு வரவில்லை. முன்னைவிட மோசம் என்றே சொல்லலாம். தூக்கிப் போட்டுவிட்டு பேட்டரி மெஷின் வாங்கச் சொல்கிறான் மகன். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, புளியரை

பதில்: தூக்கிப் போட வேண்டாம் அம்மா. "மடிந்து மாட்டிக்கொள்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மழுங்கிப்போன கத்தரி இலையை நசுக்கும், தண்டை நார் நாராகக் கிழிக்கும். இலையை மடித்து உள்ளே இழுத்துக்கொள்வது நடு போல்ட்டு தளர்ந்த கத்தரியின் வேலை. அலகு இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போனால்தான் வெட்டு. நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலும் எவ்வளவு கூர் இருந்து என்ன பயன்? "கூர் போச்சு அண்ணாச்சி" என்று கடைக்கு வருகிற கத்தரிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் முதலில் எடுப்பது அரம் இல்லை, ஸ்பேனர்தான்.

சோதித்துப் பாருங்கள். கத்தரியை அகலமாகத் திறந்து, ஒரு பிடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதை மேலிருந்து விடுங்கள். தொப்பென்று விழுந்து மூடிக்கொண்டால் போல்ட்டு தளர்வு. அந்தரத்தில் அப்படியே நின்றால் இறுக்கம் அதிகம், பத்து நிமிஷத்தில் தோள்பட்டை வலிக்கும். மெள்ள இறங்கிப் பாதி வழியில் நிற்க வேண்டும், அதுதான் பதம். நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு தடவை இப்படி விட்டுப் பாருங்கள். இறுக்கிய நட்டு அடுத்த வாரமே கழல்கிறதென்றால் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள். விலை ஒரு டீ காசுகூட வராது.

இறுக்கியும் சரியாகவில்லையா? அப்போது சாணைக்காரர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். அவரை நான் குறை சொல்ல வரவில்லை. அரிவாளும் காய்கறிக் கத்தியும் தீட்டிப் பழகிய கை அது. அவற்றுக்கு இரண்டு பக்கமும் சரிவு உண்டு. கத்தரியின் அலகுக்கு ஒரு பக்கம்தான் சரிவு, அதாவது வெளிப்பக்கம். உள்பக்கம் தட்டை. இன்னும் சரியாகச் சொன்னால், நல்ல கத்தரியில் உள்முகம் இம்மியளவு குழிவாகவே இருக்கும். அலகு மூடும்போது போல்ட்டுப் பக்கம் தொடங்கி நுனி வரைக்கும், ஒரு நேரத்துக்கு ஒரு புள்ளியில் மட்டும் இரண்டும் தொட்டுக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக. அந்த உள்முகத்தைக் கல் சக்கரத்தில் கொடுத்துச் சரித்துவிட்டால் வெட்டு வாயே விலகிவிடும். அதற்கப்புறம் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் இலை மடியத்தான் செய்யும்.

இன்னொன்று, நீங்கள் எழுதிய தீப்பொறி. பொறி பறந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, சாணை என்றால் பொறி பறக்கும். பார்க்க வேண்டியது வாய் ஓரத்தின் நிறம். எஃகு 230 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம் காட்டும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பாயும். நீலம் தெரிகிற இடத்தில் கடினம் இறங்கிவிட்டது என்று வையுங்கள். எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் சீக்கிரம் மழுங்கும். நீலம் மெல்லிய கோடாக ஓரத்தில் மட்டும் இருந்தால் அரம் போட்டு அந்தப் பகுதியை எடுத்துவிடலாம்.

இனி வேலையைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

போல்ட்டைக் கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர் எந்த வரிசையில் இருந்தது என்பது பூட்டும்போது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. கழற்றிய இரண்டு அலகையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த செடிப்பால் கறுப்பாகப் படிந்திருந்தால் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துணியால் துடையுங்கள், சுரண்ட வேண்டாம். புளியரையில் ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே சாரல் வீசிக்கொண்டே இருக்கும். விறகுக் கொட்டகையில் தொங்குகிற இரும்புக்கு அந்த ஈரக்காற்றே போதும், மழையில் நனைய வேண்டியதில்லை. லேசான துரு என்றால் உப்புத்தாள் போதும். உள்முகத்தைத் தேய்க்கும்போது மட்டும் தாளை ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் ஓரம் உருண்டுபோகும்.

அடுத்து அரம். எட்டு அங்குலத் தட்டை அரம், பல் பொடியாக உள்ளது, போதும். முரட்டுப் பல் வேண்டாம். அலகை வைஸில் கடிக்கவைத்து, சரிவுப் பக்கம் மேலே பார்க்க நிறுத்துங்கள். வைஸ் இல்லாவிட்டால் திண்ணை ஓரத்தில் ஒரு பலகை மேல் வைத்து சி-கிளாம்பு போட்டுக்கொள்ளலாம். கையில் பிடித்துக்கொண்டு அராவுவது மட்டும் வேண்டாம். தடித்த கையுறை கட்டாயம்.

எந்தக் கோணத்தில் அராவுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிகிரியெல்லாம் வேண்டாம். கம்பெனி வைத்த சரிவு எதுவோ அதுவே கோணம். மார்க்கர் பேனாவால் சரிவு முழுக்க மை பூசிவிட்டு அரத்தை ஒரு தடவை ஓட்டுங்கள். மை முழு அகலத்துக்கும் போயிருந்தால் கோணம் சரி. மேல் விளிம்பில் மட்டும் போயிருந்தால் அரத்தைப் படுக்கவைத்துவிட்டீர்கள், வாயோரம் மட்டும் போயிருந்தால் தூக்கிவிட்டீர்கள். திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அரத்தின் பல் முன்னோக்கித் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும். போல்ட்டுப் பக்கத்தில் தொடங்கி நுனியை நோக்கி, அலகின் வளைவோடு ஒரே நீளமாகத் தள்ளுங்கள். திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் அரம்தான் மழுங்கும், கத்தரி கூராகாது. பல்லிடுக்கில் இரும்புத்தூள் அடைந்து கீறல் விழாமல் இருக்க அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்ளுங்கள். சில அலகுகளில் வாய் ஓரத்தை மட்டும் தனியாகக் கடினப்படுத்தியிருப்பார்கள். அதில் அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும். அழுத்திப் போராட வேண்டாம், டைமண்ட் தகடு ஒட்டிய தீட்டுக்கல் கிடைக்கிறது, அதற்கு அதுதான்.

போதுமா என்று எப்படித் தெரியும்? பிசிறு வரும். சரிவுப் பக்கம் அராவ அராவ, உள்முகத்தின் ஓரத்தில் நூல் போல ஒரு பிசிறு எழும். கட்டைவிரலை உள்முகத்திலிருந்து வாயைத் தாண்டி வெளியே இழுத்துப் பாருங்கள், தடுக்கும். வாயோடு நீளவாக்கில் விரலை ஓட்டிவிடாதீர்கள், ரத்தம் பார்ப்பீர்கள். அடி முதல் நுனி வரை விடாமல் தடுக்கிறதென்றால் அராவியது போதும். நடுவில் எங்கே தடுக்கவில்லையோ அங்கே இன்னும் நாலு இழுப்பு.

கடைசியில்தான் உள்முகத்துக்குக் கல் காட்டுவது, அதுவும் கூர் ஏற்ற இல்லை, பிசிறை நீக்க. எண்ணெய் தடவிய கல்லை உள்முகத்தின் மேல் முழுத் தட்டையாகப் படியவைத்து இரண்டு மூன்று தடவை இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். கல்லின் ஒரு ஓரம்கூட எழும்பக் கூடாது. சாணைக்காரர் உள்முகத்தில் லேசாகத்தான் கை வைத்திருக்கிறார் என்றால் இதே மாதிரி படியவைத்துத் தேய்த்துத் தேய்த்தே அந்தச் சரிவை எடுத்துவிடலாம், பொறுமை வேண்டும். ஆழமாக எடுத்துவிட்டாரென்றால் அந்த அலகு முடிந்தது.

செம்பருத்திக்குள் பழைய முள்கம்பி மறைந்திருக்கும், அதில் பட்டு வாயில் பல் விழுந்திருக்கும். சின்னப் பல் அராவும்போதே போகும். பெரிய பல்லை விட்டுவிடுங்கள். அந்த ஒரு பள்ளத்துக்காக அலகு முழுவதையும் தேய்ப்பது அநியாயம், வெட்டும்போது ஒரு இலை தப்பும், அவ்வளவுதான்.

கண்ணாடி மாதிரி மெருகு ஏற்றவும் வேண்டாம். அரம் விட்டுப்போன மெல்லிய கீறல்தான் வழவழப்பான தளிர்த் தண்டை நழுவவிடாமல் பிடிக்கும். பூட்டுமுன் போல்ட்டு ஓட்டையைச் சுற்றி இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். பூட்டியபின் மேலே சொன்ன பிடி சோதனை. பிறகு ஈரமான செய்தித்தாளை ஒற்றையாகப் பிடித்து முழு நீளத்துக்கும் வெட்டிப் பாருங்கள். எங்கே மடிகிறதோ அங்கேதான் இன்னும் வேலை பாக்கி.

மகனிடம் சொல்லுங்கள், பேட்டரி மெஷினுக்கும் பல் உண்டு, அதுவும் மழுங்கும். அதைத் தீட்ட இந்தக் கத்தரியைப் போல இரண்டு மடங்கு நேரமாவது பிடிக்கும். பெரிய தோப்பு என்றால் மெஷின் நியாயம். வீட்டு முன்வேலிக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

கேள்வி: எஸ்டேட்டில் கத்தரியால் கொழுந்து எடுக்கிறோம். எவ்வளவு தேய்த்தாலும் மறுநாளே அலகு கறுத்துவிடுகிறது. துரு என்று சொல்லி மணல் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் எங்கள் மேஸ்திரி. தேய்த்துத் தேய்த்துக் கூர்தான் போகிறது. மணல் நல்லதா?
– ஒரு வாசகி, சூரியநெல்லி

பதில்: மணலை ஆற்றிலேயே விட்டுவிடுங்கள் தங்கச்சி. அது துரு இல்லை. தேயிலையில் இருக்கிற டேனின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து எழுதுமை காய்ச்சினார்களே, அதுவும் இதே கறுப்புதான்: கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்தது. துரு செம்பழுப்பாக இருக்கும், தொட்டால் பொடி ஒட்டும், அடியில் இரும்பை அரித்துக் குழி விழும். உங்கள் கறுப்பு வழவழவென்று இருக்கும், அரிக்காது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

துடைக்க வேண்டியது பசைதான். கொழுந்துச் சாறு காய்ந்து கெட்டியானால் அலகு ஒட்டிக்கொண்டு கை வலிக்கும். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஈரத் துணியால் ஒரு துடைப்பு, பிறகு உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. காய்ந்தபின் சுரண்டுவதைவிட இது எவ்வளவோ லேசு. சாயங்காலம் கழுவிக் காயவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வேலிக் கத்தரிக்கு எந்த எண்ணெயும் ஆகும், கொழுந்து எடுக்கிற கத்தரிக்கு மட்டும் கழிவு என்ஜின் ஆயிலைத் தொடாதீர்கள், யாரோ குடிக்கப்போகிற டீ அது. மலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து இளக்கிக்கொள்ளுங்கள்.

தினமும் வேலை செய்கிற கத்தரிக்கு மாதம் ஒரு தடவை பெரிய தீட்டல் என்பதெல்லாம் சரிப்படாது. காலையில் சரிவுப் பக்கம் கல்லால் நாலைந்து இழுப்பு, உள்பக்கம் ஒரு இழுப்பு. மழுங்கிய கத்தரி கொழுந்தைக் கிழிக்கும், கிழிந்த ஓரம் சிவந்துபோகும். மேஸ்திரியிடம் இப்படிச் சொன்னால் கேட்பார், கை வலிக்கிறது என்றால் கேட்பாரோ என்னமோ.

கேள்வி: புளிச்சக்காய்ச் சாற்றில் போட்டால் கத்தரித் துரு போகும் என்று அம்மா சொல்கிறாள். உண்மையா அண்ணாச்சி?
– ஒரு வாசகர், குழித்துறை

பதில்: உண்மைதான் தம்பி. மலையாளத்தில் இரும்பன்புளி என்கிறார்களே, அதே காய். அதில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம், துருவைக் கரைப்பது அதுதான். உங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு காய்த்துக் கொட்டுகிறது, வினிகர் வாங்கக் காசு செலவழிப்பானேன்! காயை நசுக்கி அலகின் மேல் அப்பி, அரைமணிக்கு ஒரு தடவை பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். துரு போனதும் எடுத்துவிட வேண்டும். மறந்துபோய் இரண்டு நாள் விட்டால் நல்ல இரும்பையும் அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி அமிலத்தை முறியுங்கள், நல்ல தண்ணீரில் அலசுங்கள், வெயிலில் காயவைத்து உடனே எண்ணெய். இந்தக் கடைசி வேலையைத் தள்ளிப்போட்டால் மறுநாள் காலை முன்னைவிடச் சிவப்பாகத் துருவேறி நிற்கும். அலுமினியப் பிடி இருந்தால் அதன்மேல் சாறு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கொழுப்பு குறையும் என்று இந்தச் சாற்றைக் கெட்டியாகக் குடிக்கிற பழக்கம் எல்லைக்கு அந்தப் பக்கம் உண்டு. அதே ஆக்சாலிக் அமிலத்தால் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் கேரளத்தில் இருக்கிறார்கள். மீன் குழம்புக்கு இரண்டு காய் போடுவது வேறு விஷயம்.

கேள்வி: வேலியில் திருகுகள்ளியும் அரளியும். வெட்டினால் கத்தரி முழுக்கப் பால். மண்ணெண்ணெய் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. வேறு எதைக் கொண்டு துடைக்க?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: டர்பன்டைன் பெயின்ட் கடையில் கிடைக்கும், இல்லையென்றால் தேங்காய் எண்ணெய். கத்தரியைவிட உங்கள் கண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை. திருகுகள்ளிப் பால் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வையைப் பாதிக்கிற அளவுக்குப் புண்ணாக்கும். கண்ணாடி போடாமல் அந்த வேலியில் கை வைக்காதீர்கள். பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு நேரே கண் டாக்டர். அரளியோ இலை, தண்டு, பால் என்று எல்லாமே விஷம். வெட்டிய குப்பையை ஆடு மாடு எட்டாத இடத்தில் போடுங்கள், எரிக்க வேண்டாம், புகையும் ஆகாது. துடைத்த துணியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: மரப்பிடி கழன்று கழன்று வருகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகுகிறது, காய்ந்ததும் பழைய கதை.
– ஒரு வாசகர், கம்பம் கூடலூர்

பதில்: ஊறிய மரம் காய்ந்தால் சுருங்கத்தான் செய்யும். ஈரத்தில் உள்ளே இருக்கிற இரும்பு வாலும் துருவேறும். கொல்லர்கள் செய்வது இதுதான்: பிடியின் ஓட்டையில் அரக்குப் பொடியும் செங்கல் பொடியும் கலந்து போட்டு, வாலைப் பழுக்கச் சூடாக்காமல், அரக்கு உருகுகிற அளவுக்கு மட்டும் சூடுகாட்டி உள்ளே அழுத்தி ஆறவிடுவார்கள். அலகுக்குச் சூடு ஏறாமல் ஈரத்துணி சுற்றிக்கொள்ள வேண்டும். அரக்கு கிடைக்காவிட்டால் இரண்டு டியூப் கலந்து பூசுகிற எப்பாக்சி பசை. வாலை நன்றாகச் சுரண்டித் துடைத்துவிட்டுப் பூசி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வையுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டார் அடிக்கடி கத்தரியை இரவல் கேட்கிறார்கள். கொடுத்தால் செடிக்கு நோய் வரும் என்று மனைவி சொல்கிறாள். இரவல் கொடுக்காமல் இருக்க இது சாக்கா, நிஜமா?
– ஒரு வாசகர், தென்மலை

பதில்: இரண்டும்தான் சார். நோய் பிடித்த செடியை வெட்டிய அலகில் ஒட்டியிருக்கும் சாறு அடுத்த செடிக்கு நோயைக் கொண்டுபோகும், அது நிஜம். திரும்பி வந்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டோ கை கழுவுகிற சானிடைசரோ துணியில் நனைத்து இரண்டு அலகையும் துடைத்துவிடுங்கள், போதும். பிளீச்சிங் தண்ணீரும் கிருமியைக் கொல்லும், ஆனால் இரும்பையும் தின்னும். அப்படியே கொடுப்பதாக இருந்தால், பென்சில் கனத்துக்கு மேல் எதையும் வெட்ட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். கொய்யாக் கிளையை வாயில் வைத்து முறுக்கினால் போல்ட்டு வளைந்துவிடும், பிறகு அதற்கு என்னிடமும் மருந்து இல்லை.